22 பெனால்டி, 22 கோல்... அப்புறம் எதுக்கு டாஸ்? டிராவான கால்பந்துப் போட்டியை எப்படி முடிப்பது?

2024 பிப்ரவரி 8. டாக்காவில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சாஃப் கால்பந்து இறுதிப் போட்டி. இந்தியாவும் வங்கதேசமும் மோதின. 8-வது நிமிடத்தில் சிபானி தேவி இந்தியாவுக்காக கோல் அடித்தார். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், இஞ்சுரி டைமில் சகோரிகா வங்கதேசத்துக்காக ஒரு கோல் போட்டு சமன் செய்தார். ஸ்கோர் 1-1. அடுத்து பெனால்டி ஷூட்அவுட்.

வழக்கமாக ஷூட்அவுட்டில் யாராவது ஒருத்தர் பந்தை வெளியே அடிப்பார், இல்லை கோல்கீப்பர் ஒன்றைத் தடுப்பார். அன்றைக்கு அது நடக்கவே இல்லை. முதல் ஐந்து பேர் அடித்தார்கள், எல்லாம் கோல். அடுத்து ஒவ்வொருத்தராக வந்தார்கள், அதுவும் கோல். கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும் வந்து அடித்தார்கள், கோல். ஸ்கோர் 11-11.

இனி என்ன? மறுபடியும் முதல் ஆளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் மேட்ச் கமிஷனர் காசைச் சுண்டச் சொன்னார். டாஸில் இந்தியா ஜெயித்தது. இந்திய வீராங்கனைகள் கொண்டாட, வங்கதேச அணி மைதானத்தை விட்டு நகர மறுத்தது. கேலரி கொதித்தது. டாஸ் போட்டது தவறு என்று தெரிந்து ஷூட்அவுட்டைத் தொடரலாம் என்று சொன்னபோது, இந்திய அணி திரும்பி வரவில்லை. நீண்ட இழுபறிக்குப் பிறகு இரண்டு அணிகளும் கூட்டு சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டது.

அந்த இரவில் யார் மேல் தப்பு என்று தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. கேள்வி இதுதான்: டிராவான ஒரு போட்டியை நியாயமாகவும், பார்க்கிறவர்களுக்கு விறுவிறுப்பாகவும் முடிப்பது எப்படி?

கடலூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. இந்திய மகளிர் அணியின் நடுகள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி, 2017-18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய ஏழு அணிகளில் ஒன்று. தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தை தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றிருக்கிறது. இரண்டு இறுதிப் போட்டியிலும் ஸ்கோர் 2-1தான். ஒரே ஒரு கோல் இந்தப் பக்கம் வராமல் போயிருந்தால், அங்கேயும் இதே கேள்வி வந்து நின்றிருக்கும்.

இந்தப் பக்கம் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே உடற்கல்வித் துறையில் படித்து வெளியே வருகிறவர்கள்தான் பல பள்ளிகளில் பி.இ.டி. ஆசிரியர்கள். குறுவட்டப் போட்டியோ மாவட்டப் போட்டியோ, விசில் அவர்கள் கையில் இருக்கும். டிராவானால் முடிவும் அவர்கள் கையில்தான்.

அந்த முடிவு வெறும் கோப்பையோடு முடிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் சேர்க்கையின் விளையாட்டுப் பிரிவில், எந்த மட்டத்துப் போட்டி, எத்தனையாவது இடம் என்பதைப் பார்த்துத்தான் மதிப்பெண். முதலமைச்சர் கோப்பையில் முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் தொகை வேறு. ஒரு பிளஸ் டூ மாணவியின் சான்றிதழில் 'முதலிடம்' என்று வருமா, 'இரண்டாமிடம்' என்று வருமா என்பதைக் காசு முடிவு செய்யலாமா? யோசிச்சுப் பாருங்க.

டாஸ் போட்டு ஜெயித்த காலம்

டாஸை யாரும் டாக்காவில் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு காலத்தில் அதுதான் நடைமுறை.

1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி. நேப்பிள்ஸில் இத்தாலியும் சோவியத் யூனியனும் மோதிய போட்டி கூடுதல் நேரத்துக்குப் பிறகும் 0-0. அன்றைக்குப் பெனால்டி ஷூட்அவுட் கிடையாது. காசு சுண்டினார்கள். இத்தாலி கேப்டன் ஃபாக்கெட்டி சரியாகச் சொன்னார், இத்தாலி இறுதிப் போட்டிக்குப் போனது. இறுதிப் போட்டியும் யூகோஸ்லாவியாவுடன் டிரா. அதற்கு டாஸ் போடவில்லை, மறுபடியும் ஒரு போட்டி வைத்தார்கள். அதில் இத்தாலி 2-0 என வென்று கோப்பையைத் தூக்கியது.

அதே ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக் காலிறுதியில் இஸ்ரேலும் பல்கேரியாவும் 1-1. சீட்டு குலுக்கிப் போட்டதில் இஸ்ரேல் வெளியேறியது. இது சரியில்லை என்று எழுந்தவர் இஸ்ரேலைச் சேர்ந்த யோசெஃப் டகான். ஆளுக்கு ஐந்து பெனால்டி என்ற யோசனையை அவர் முன்வைத்தார். மலேசியாவின் கோ ஈவ் டெய்க் அதைக் கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்புவரை கொண்டுபோனார். 1970 ஜூனில் அது விதியானது.

அந்த ஆகஸ்ட் மாதமே இங்கிலாந்தில் ஹல் சிட்டிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நடந்த வாட்னி கோப்பை அரையிறுதி ஷூட்அவுட்டில் முடிந்தது. முதல் கிக்கை அடித்து கோல் போட்டவர் ஜார்ஜ் பெஸ்ட். முதலில் தவறவிட்டவர் டெனிஸ் லா. அவ்வளவு பெரிய ஸ்டாரே தவறவிட்டார் என்றால் நமக்கெல்லாம் என்ன!

விதிப் புத்தகம் என்ன சொல்கிறது?

கால்பந்து விதிகளில் 10-வது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. டிரா ஆனால் வெற்றியாளரைத் தீர்மானிக்க மூன்றே வழிகளுக்குத்தான் அனுமதி:

- இரண்டு ஆட்டங்கள் கொண்ட மோதலில், எதிரணி மண்ணில் அதிக கோல் அடித்த அணிக்கு வெற்றி. (ஐரோப்பாவின் யூஇஎஃப்ஏ இதை 1965-ல் கொண்டுவந்து 2021-ல் கைவிட்டது.)
- கூடுதல் நேரம். இரண்டு சம பாதிகள், ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.
- பெனால்டி ஷூட்அவுட்.

இவற்றைச் சேர்த்தும் பயன்படுத்தலாம். கூடுதல் நேரமே வேண்டாம், நேராகப் பெனால்டி என்றும் போட்டி அமைப்பாளர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலில் டாஸ் கிடையாது. ஷூட்அவுட்டில் டாஸுக்கு இரண்டே வேலை. எந்தப் பக்கத்து கோல்போஸ்ட், யார் முதலில் அடிப்பது. அவ்வளவுதான்.

களத்தில் இருக்கும் எல்லோரும் ஒரு தடவை அடித்து முடிக்காமல் யாரும் இரண்டாவது தடவை அடிக்கக் கூடாது. எல்லோரும் அடித்த பிறகும் சமம் என்றால் திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். முதல் சுற்றில் அடித்த அதே வரிசையில் போக வேண்டும் என்றுகூட இல்லை.

"விடியற வரைக்கும் அடிச்சுட்டு இருக்கிறதா?"

நியாயமான சந்தேகம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பெனால்டி கோலாகும் வாய்ப்பு தோராயமாக 75 சதவீதம். அப்படியானால் தொடர்ந்து 22 பெனால்டியும் கோலாகும் வாய்ப்பு ஏறக்குறைய 560-ல் ஒன்று. டாக்காவில் நடந்தது அவ்வளவு அபூர்வம்.

ஐந்து கிக் முடிந்து சடன் டெத் வந்துவிட்டால், ஒவ்வொரு ஜோடி கிக்கிலும் முடிவு கிடைக்கும் வாய்ப்பு 37.5 சதவீதம். ஒருத்தர் கோல் போட்டு இன்னொருத்தர் தவறவிட்டால் போதும். இன்னும் ஐந்தே ஜோடி அடித்திருந்தால் முடிவு தெரிந்திருக்கும் வாய்ப்பு 90 சதவீதம். நேரம்? ஒரு கிக்குக்கு ஒரு நிமிஷம் வைத்தாலும் பத்து நிமிஷம்.

ரொம்ப நீண்டால்கூட முடியும். 2024 மே மாதம் இஸ்ரேலின் மூன்றாம் டிவிஷனில் டிமோனா, ஷிம்ஷோன் டெல் அவிவ் அணிகள் மோதிய ஷூட்அவுட்டில் மொத்தம் 56 கிக். டிமோனா 23-22 என வென்றது. யாரும் காசைத் தேடவில்லை.

சரி, பெனால்டி மட்டும் நியாயமா?

இதில் இரண்டு குறை சொல்வார்கள்.

முதலாவது, முதலில் அடிக்கிற அணிக்கே சாதகம் என்பது. 2010-ல் வெளியான ஒரு ஆய்வு, 129 ஷூட்அவுட்களைப் பார்த்து, முதலில் அடித்த அணி 60 சதவீதம் வென்றதாகச் சொன்னது. பின்னால் அடிக்கிறவர் எப்போதும் துரத்துகிறார், அந்த டென்ஷன் காலில் இறங்கிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். பிறகு இன்னும் அதிகமான ஷூட்அவுட்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட கரைந்துபோனது.

இருந்தாலும் 2017-ல் ஐஃபாப் ஒரு சோதனை செய்தது. டென்னிஸ் டை-பிரேக்கில் சர்வீஸ் மாறுவதைப் போல, முதலில் 'அ' அணி, அடுத்து 'ஆ', திரும்பவும் 'ஆ', பிறகு 'அ' என்று வரிசை மாறும். அந்த ஆண்டு இங்கிலாந்தின் கம்யூனிட்டி ஷீல்டில் ஆர்சனல் செல்சியை வென்றது இந்த முறையில்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கே யார் அடிக்கப்போகிறார் என்று குழப்பம். 2018-ல் சோதனையைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது குறை கொஞ்சம் ஆழமானது. கால்பந்து என்பது பதினோரு பேர் சேர்ந்து ஆடுவது. பாஸ், ஓட்டம், தடுப்பு என்று எவ்வளவோ இருக்கிறது. 120 நிமிடம் அதை ஆடிவிட்டு, கடைசியில் ஒருத்தர் 11 மீட்டர் தூரத்தில் தனியாக நிற்பதா? தோற்றால் பழி மொத்தமும் ஒருத்தர் தலையில். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் 3-3 என்று அப்படி ஒரு இறுதிப் போட்டி ஆடியும், முடிவு 4-2 என்ற ஷூட்அவுட்டில்தான் வந்தது.

நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்த இடத்தில்கூட அடிப்பது ஒரு வீரர், தடுப்பது ஒரு வீரர். பயிற்சி செய்யலாம், கற்றுக்கொள்ளலாம். 2023 ஜூலையில் பெங்களூரு சாஃப் இறுதிப் போட்டியில் குவைத்தும் இந்தியாவும் 1-1. சடன் டெத்தில் குவைத் கேப்டனின் கிக்கை குர்பிரீத் சிங் சாந்து பாய்ந்து தடுத்தார், இந்தியா 5-4 என வென்றது. அது அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காசுக்கும் பெனால்டிக்கும் வித்தியாசம் இதுதான்.

முயன்று பார்த்த மற்ற வழிகள்

கோல்டன் கோல்: கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. 1996 ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனியின் பியர்ஹோஃப், 2000 கோப்பையை பிரான்ஸின் ட்ரெசகே இப்படித்தான் முடித்தார்கள். கேட்கும்போது செம விறுவிறுப்பு. நடைமுறையில் ஒரு கோல் வாங்கினால் கதை முடிந்தது என்ற பயத்தில் பல அணிகள் பின்வாங்கி ஆடின. 2004-ல் இது போய்விட்டது.

35 யார்ட் ஷூட்அவுட்: அமெரிக்க லீக்குகளில் 1977 முதல் 1984 வரையும், பிறகு 1996 முதல் 1999 வரையும் இருந்தது. வீரர் 35 யார்ட் தூரத்தில் இருந்து பந்தோடு ஓடி வரலாம், ஐந்து வினாடிக்குள் அடிக்க வேண்டும். கோல்கீப்பரும் முன்னால் வரலாம். பெனால்டியைவிட இதில் கால்பந்து அதிகம். ஆனால் உலகத்தின் மற்ற பகுதிகள் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

மஞ்சள் அட்டை எண்ணுவது: 2018 உலகக் கோப்பை குரூப் சுற்றில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமம். குறைவான மஞ்சள் அட்டை வாங்கிய ஜப்பான் உள்ளே, செனகல் வெளியே. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது, அதனால் சண்டை வரவில்லை. ஆனால் யாருக்காவது சிலிர்த்ததா? 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பவுண்டரி எண்ணி இங்கிலாந்தை ஜெயிக்க வைத்தது நினைவிருக்கும். அடுத்த சில மாதங்களில் ஐசிசி அந்த விதியையே தூக்கியது.

கூட்டு சாம்பியன்: நமக்குப் பழக்கமான வழி. 1978-ல் கோயம்புத்தூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் பகிர்ந்துகொண்டன. இறுதிப் போட்டிக்கு ஓகே. ஆனால் அரையிறுதி டிரா ஆனால்? இரண்டு அணியையும் இறுதிப் போட்டிக்கு அனுப்ப முடியாதே.

விதியே வில்லனான கதை

விறுவிறுப்புக்காக யோசிக்காமல் விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994 கரீபியன் கோப்பை தகுதிச் சுற்று ஒரு பாடம். அதில் கூடுதல் நேரத்தில் அடிக்கும் கோல்டன் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு என்று வைத்திருந்தார்கள்.

பார்படோஸ் முன்னேற வேண்டும் என்றால் கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 2-0 என்று முன்னிலையில் இருந்தார்கள். 83-வது நிமிடத்தில் கிரெனடா ஒரு கோல் போட்டது. 2-1. மீதி நேரத்தில் இன்னொரு கோல் அடிப்பது கஷ்டம். அப்போது பார்படோஸ் வீரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்டம் டிரா ஆனால் கூடுதல் நேரம் வரும். அங்கே ஒரு கோல் அடித்தால் அது இரண்டாகிவிடும். உடனே வேண்டுமென்றே தங்கள் வலைக்குள் தாங்களே பந்தை அடித்தார்கள். 2-2!

கிரெனடாவுக்கு விஷயம் புரிந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றாலும் அவர்கள் முன்னேறலாம். அதனால் எந்த வலையில் அடித்தாலும் லாபம்தான். மிச்ச நிமிடங்களில் பார்படோஸ் இரண்டு கோல்போஸ்ட்டையும் காவல் காத்தது. கூடுதல் நேரத்தில் பார்படோஸ் அடித்த கோல் இரண்டாக எண்ணப்பட்டது, 4-2. அவர்கள் விதியை மீறவில்லை. விதியே அப்படி இருந்தது.

இன்னும் யாரும் பெரிதாக முயலாத ஒரு யோசனை

சில பொருளாதார ஆய்வாளர்கள் சொல்லும் வழி இது: ஷூட்அவுட்டை கூடுதல் நேரத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

90 நிமிடம் டிரா. உடனே பெனால்டி. 'அ' அணி ஜெயிக்கிறது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. அடுத்து 30 நிமிடம் கூடுதல் நேரம். அதில் யாராவது வென்றால் அவர்களே வெற்றியாளர். அதுவும் டிரா என்றால் மட்டும் ஷூட்அவுட் முடிவு செல்லும்.

இதில் என்ன லாபம்? இப்போது கூடுதல் நேரத்தில் இரண்டு அணியும் "எப்படியோ பெனால்டி வரைக்கும் ஓட்டிடுவோம்" என்று பந்தை உருட்டலாம். புதிய முறையில் ஒரு அணி கட்டாயம் கோல் அடித்தே ஆக வேண்டும். பெனால்டி தவறவிட்ட வீராங்கனைக்கும் அதைச் சரிசெய்ய 30 நிமிடம் கிடைக்கும். கடைசிச் சொல் பதினோரு பேர் ஆடும் ஆட்டத்துடையதாக இருக்கும்.

குறையும் உண்டு. ஷூட்அவுட்டில் வென்ற அணி பின்னால் போய்ச் சுவர் மாதிரி நின்றுவிடலாம். ஆனால் எதிரே ஒரு அணி அடிக்கத் துடிக்கும்போது ஆட்டம் உறங்காது. இது இன்னும் விதிப் புத்தகத்துக்குள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நட்புப் போட்டியில் நீங்களே முயன்று பார்க்கலாம்.

நம்ம ஊர் போட்டி நடத்துறவங்களுக்கு

கடலூர் அண்ணா விளையாட்டரங்கமோ, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி மைதானமோ, ஊர்த் திருவிழா செவன்ஸ் போட்டியோ, இந்த ஐந்தும் செலவில்லாமல் செய்யக்கூடியவை:

1. முதல் விசிலுக்கு முன்பே எழுதுங்கள். டிரா ஆனால் என்ன என்பது நோட்டீஸில், வாட்ஸ்அப் குழுவில், பதிவுப் படிவத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் இரண்டு கேப்டன்களுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

2. ஒரே நாளில் நாலைந்து போட்டி என்றால் கூடுதல் நேரத்தை விட்டுவிடுங்கள். நேராகப் பெனால்டி. வெயிலில் சோர்ந்த பிள்ளைகளை இன்னும் 30 நிமிடம் ஓடவிடுவதைவிட இது நல்லது.

3. ஐந்துக்குப் பிறகு என்ன என்பதையும் எழுதுங்கள். சடன் டெத், கோல்கீப்பர் உட்பட எல்லோரும், பிறகு திரும்ப முதலிலிருந்து. டாக்காவில் எல்லாம் உடைந்தது இந்த இடத்தில்தான்.

4. இருட்டினால், மழை கொட்டினால்? மறுநாள் காலையில் அதே ஸ்கோரில் தொடர்வதா, இறுதிப் போட்டி என்றால் கூட்டு சாம்பியனா? கடலூரில் வடகிழக்குப் பருவமழை சொல்லிவிட்டு வராது. இதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

5. காசை பக்கம் தேர்ந்தெடுக்க மட்டும் எடுங்கள். வேலை முடிந்ததும் அது நடுவரின் பாக்கெட்டுக்குள் போய்விடட்டும்.

டிராவை முடிக்க முழுக்கக் குறையில்லாத வழி என்று எதுவும் இல்லை. பெனால்டியில் தோற்பவர் அழத்தான் செய்வார். ஆனால் "நான் அடித்தேன், அவள் தடுத்தாள்" என்று அழுவது வேறு. அடுத்த வாரம் பயிற்சிக்கு வரும்போது அவளுக்கு என்ன சரிசெய்ய வேண்டும் என்று தெரியும். "பூ விழுந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்" என்று சொல்கிறவளுக்கு, எந்தக் கோச்சும் எதையும் கற்றுத்தர முடியாது.